நீளவாக்கில் நறுக்கிய சித்தரத்தை

சேந்தவயல் லத்தீஃபா சித்தரத்தையை வட்டமாக நறுக்கி மொட்டைமாடியில் காயப்போட்டால், அதை அள்ளி மூட்டை கட்டும் வரை தெற்குத் தெருவில் யாராலும் அழ முடியாது. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. பேராவூரணியிலிருந்து வரும் மினி பஸ்ஸின் கண்டக்டரே, துக்க வீட்டுக்கு வந்திறங்குகிறவர்களிடம், "பாய் வீட்டு மாடியில தார்ப்பாய் மூடியிருக்கான்னு பாத்துட்டு உள்ள போங்க" என்று சொல்லிவிட்டுத்தான் விசில் அடிப்பார். மூடியிருந்தால் தாராளமாக அழலாம். திறந்திருந்தால் நெஞ்சு விம்மும், தொண்டை அடைக்கும், கண்ணில் மட்டும் ஒரு சொட்டு எட்டிப்பார்க்காது. மளிகைக்கடை அப்சரின் மகளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய அன்று தாயும் மகளும் வாசலில் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் முயன்றார்கள், ஒன்றும் நடக்கவில்லை. வந்தவர்கள் அதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கும் அந்த வீட்டில் தனி மரியாதை. தபால்கார ஐயாவு இறந்தபோது அவர் சம்சாரம் ஆள் அனுப்பினார். லத்தீஃபா மாடிக்கு ஓடித் தார்ப்பாயை இழுத்து மூடி, காற்றில் பறக்காமலிருக்க அதன் முனையில் தானே உட்கார்ந்துகொண்டாள். பாடை தெருமுனை தாண்டும் வரை எழுந்திருக்கவில்லை. அன்று தெருவிலேயே அதிகமாக அழுதவள் அவள்தான். கணவர் வெளிநாட்டில் இருந்த காலத்தில் அவருடைய கடிதங்களை எல்லாம் கொண்டுவந்து கொடுத்தவர் ஐயாவு.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் கஜா புயலிலிருந்துதான் சொல்லிக்கொண்டு வர வேண்டும். அந்த ஐப்பசிக் கடைசியில் அவர்கள் தென்னந்தோப்பில் பாதி மரம் தரையில் படுத்துவிட்டது. லத்தீஃபாவின் கணவர் பாசித் அப்போது ஷார்ஜாவில் இருந்தார். படுத்துக் கிடந்த மரங்களைப் போனில் பார்த்தார், பெட்டியைக் கட்டினார், வந்து சேர்ந்தார், பிறகு திரும்பிப் போகவே இல்லை. நிற்கிற மரங்களின் நிழலில் ஏதாவது ஊடுபயிர் வைக்கலாம் என்று அவர் சொன்னபோது லத்தீஃபா சித்தரத்தை என்றாள். இஞ்சிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும் சிவந்த கிழங்கு அது. சளி, இருமல், பிள்ளை பெற்றவளின் மருந்து எல்லாவற்றுக்கும் ஆகும். வாசனையாக இருக்கும் என்பதைத் தவிர அவளிடம் வேறு காரணம் இல்லை. பாசித்துக்கு அது போதுமானதாக இருந்தது, அவர் அப்படிப்பட்ட மனிதர்.

கிழங்கு மண்ணில் கிடந்து முதிர வருஷங்கள் ஆயின. முதல் தடவை தோண்டிக் கழுவி முழுசாகவே வெயிலில் பரப்பினார்கள். தோல் காய்ந்து முறுகியது, தட்டினால் கட்டை போலச் சத்தம் கேட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். தஞ்சாவூரிலிருந்து வந்த நாட்டுமருந்து வியாபாரி ஒன்றை எடுத்து ஒடித்தார். உள்ளே பச்சை ஈரம், நடுவில் பூசணம். அவர் முகர்ந்து பார்த்து, சத்தமில்லாமல் கீழே வைத்து, வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தத் துடைப்பு லத்தீஃபாவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் அருவாமணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் கிழங்கை இரண்டாகப் பிளந்து காயவைத்தாள். குளித்துவிட்டு வந்த பாசித்தின் தலை, அவர் துண்டைத் தேடுவதற்குள் காய்ந்துவிட்டது. அவருக்கு முடி குறைவு என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து விரல் கனத்தில் வட்டமாக நறுக்கினாள். கொல்லையில் அப்போதுதான் தட்டிய வறட்டி மாடு திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்தது. ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு வந்தபோது விஷயம் வீட்டை விட்டு வெளியே போனது. தெரு முழுக்கக் குழம்பு அடுப்பேறாமலே சுண்டியது. பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளின் பேனாக்கள் அடைத்துக்கொண்டன. முச்சந்தியில் மேடை போட்டுப் பேசிக்கொண்டிருந்த ஒரு கட்சிக்காரருக்கு வாய் உலர்ந்து பேச்சு பாதியில் நின்றது, கூட்டம் மனமாரக் கைதட்டியது. "நாப்பது வருஷம் பாலைவனத்துல கெடந்துட்டு தப்பிச்சி ஓடியாந்தேன். நீ அத வீட்டுக்கே கொண்டாந்துட்டியே புள்ள" என்றார் பாசித். அவர் அங்கே இருந்தது பதினெட்டு வருஷம்தான். கோபம் வந்தால் கணக்கு ஏறும்.

இப்படி ஏன் ஆகிறது என்று யோசித்தவர்கள் குறைவு. யோசித்தவர்களில் முக்கியமானவள் மதிவதனி. அவள் கீழத்தெரு அம்சத்தின் மகள், லத்தீஃபாவின் மகள் ஹஃப்ஸாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள், இப்போது தஞ்சாவூரில் உணவு பதப்படுத்தும் படிப்பில் இருக்கிறாள். லீவுக்கு வந்தபோது மாடியேறி ஒரு வில்லையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "முழுக் கெழங்குல ஈரம் வெளிய வர வழி இல்ல பெரியம்மா, தோல் மறிச்சிக்கும். நறுக்க நறுக்க வழி தொறக்குது. கனம் கொறைஞ்சா ஓட வேண்டிய தூரமும் கொறையுது. ஆனா ரொம்ப மெலிசா நறுக்கிடாதீங்க, ஈரத்தோட வாசனையும் ஓடிரும்" என்றாள். கிழங்கைப் பொறுத்தவரை அது சரியாகவே இருந்தது. குழம்பு ஏன் சுண்டுகிறது என்பதற்கு அவளுடைய பாடத்தில் எதுவும் இல்லை என்பதை அவளே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள்.

மெலிசாக நறுக்காதே என்று சொன்னால் நறுக்கிப் பார்க்கத்தானே தோன்றும். லத்தீஃபா ஒருநாள் சிகரெட் தாள் கனத்துக்கு நறுக்கிப் பரப்பினாள். பஸ் நிறுத்தத்தில் டிரைவரின் கையிலிருந்த டீ, கிளாஸில் ஒரு பழுப்பு வளையமாக மிஞ்சியது. பள்ளிவாசலில் கைகால் கழுவி ஒளு செய்யும் ஹவுள் தொட்டியில் அஸர் என்னும் மாலைத் தொழுகைக்கு முன்பாகத் தண்ணீர் வற்றி, மீன்கள் படிக்கட்டில் ஒதுங்கின. பாங்கு சொல்லும் மோதினார் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். அவ்வளவும் ஆகிய பிறகு அந்த வில்லைகளை முகர்ந்தால் மரத்தூள் மாதிரி இருந்தது, ஒரு வாசனை கிடையாது. அதன் பிறகு அவள் நாணய கனத்துக்குக் கீழே போகவில்லை. தெருவும் தன்னைப் பழக்கிக்கொண்டது. வடகம், வற்றல் போடுகிறவர்கள் லத்தீஃபாவிடம் நாள் கேட்டுக்கொண்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அவள் கிழங்கைத் தொடுவதே இல்லை, ஏனென்றால் வில்லைகள் திறந்திருக்கும்போது மழை வந்தால் அது தலைக்கு ஒரு முழம் மேலேயே காய்ந்துவிடும், குளிர்ச்சி மட்டும்தான் இறங்கும். கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊரில் மழையைத் தடுக்கும் துணிச்சல் யாருக்கும் வராது.

ஹஃப்ஸா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தது மார்கழியில். மாப்பிள்ளை ஷஹ்பாஸ் தோஹாவில் வேலையாக இருந்தான். பெண் குழந்தை, ஹாஃபிஸா என்று பெயர் வைத்தார்கள். லத்தீஃபாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கருப்பட்டியில் கிளறிக் கொடுக்கும் மருந்துக்குச் சித்தரத்தை இல்லாமல் முடியாது, அதுவும் தன் தோப்புக் கிழங்கு இருக்கும்போது கடையில் வாங்கினால் ஊர் என்ன பேசும். நல்ல கிழங்காகத் தேர்ந்தெடுத்து, நாணய கனத்தில் நறுக்கி, மகள் படுத்திருந்த அறைக்கு நேர்மேலே மாடியில் பரப்பினாள். தெருவுக்கே தெரிந்த விஷயம் அவளுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். பேத்தி பிறந்த மகிழ்ச்சியில் அந்த நினைவு வரவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் ஹஃப்ஸாவுக்குப் பால் நின்றுவிட்டது. குழந்தை வீரிட்டது. கண்திருஷ்டி என்றார்கள், ஆஸ்பத்திரி மாத்திரை என்றார்கள், பூண்டு போதாது என்று ஒருத்தி முழுப் பானை பூண்டுப்பாலோடு வந்து சேர்ந்தாள். வாசல் தாண்டுவதற்குள் பானையில் பூண்டு மட்டும் இருந்தது. அதைக் கண்டும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. குழந்தையைப் பார்க்க வந்த அம்சம்தான் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். "மேல என்னக்கா காயுது?" என்று கேட்டாள். லத்தீஃபா தலையில் அடித்துக்கொண்டாள். அம்சம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடியேறித் தார்ப்பாயை மூடினாள். விளக்கு வைக்கும் நேரத்தில் ஹஃப்ஸாவின் ரவிக்கை நனைந்தது. குழந்தை ஒரு மூச்சில் குடித்துவிட்டு ஏப்பம் விட்டது. லத்தீஃபா அடுப்படியில் உட்கார்ந்து, இனி தடை இல்லாததால், வயிறு நோக அழுதாள். பேத்தி பால் மறக்கும் வரை கிழங்கைத் தொடுவதில்லை என்று சொல்லி, அருவாமணையைத் துணியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினாள்.

அம்சத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளுடைய அம்மாவும் அப்பாவும் பண்ணையில் அடுத்தவர் நிலத்தில் நட்டு அறுத்தே போனவர்கள். அவளும் பாதி வாழ்க்கையை அப்படித்தான் கழித்தாள், தோப்பில் கிழங்கு தோண்டும் வேலையில்தான் லத்தீஃபாவோடு சிநேகம் ஆயிற்று. அந்த வருஷம் ஆடியில், கால்வாய்க்கரை ஓரமாக ஒரு துண்டு நிலம் அம்சத்தின் பெயருக்குப் பட்டா ஆனது. அந்தக் குடும்பத்தில் நெல்லுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் இருந்தது அதுதான் முதல் முறை. வேலை இருக்கிறதோ இல்லையோ அவள் தினமும் வயலுக்குப் போய் வரப்பில் நின்றாள். கதிர் பால்பிடிக்கும் காலத்தில் குரலைத் தாழ்த்திப் பேசினாள், பயிர் திடுக்கிட்டுவிடுமாம். தையில் அறுப்பு மிஷின் இறங்கி நெல்லைக் கொட்டியபோது, கொள்முதல் நிலையத்துக் களத்தில் தன் நெல் அம்பாரம் எது என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கை காட்டினாள்.

தை கடைசியில், யாரும் எதிர்பாராத நேரத்தில், மழை பிடித்துக்கொண்டது. அடித்துப் பெய்து ஓய்கிற மழை இல்லை. பிசுபிசுவென்று விடாமல் பெய்யும் மழை. களத்தில் வரிசையாக நின்ற அம்பாரங்களின்மேல் தார்ப்பாய் போர்த்தியும் ஈரம் அடியிலிருந்து ஏறியது. பில் கிளார்க் நாகநாதன் நல்ல மனிதர், ஆனால் அவர் கையில் இருந்த ஈரப்பத மீட்டருக்கு நல்ல மனசு கெட்ட மனசு என்று எதுவும் கிடையாது. அம்சத்தின் நெல்லை அதில் போட்டுப் பார்த்து, மறுபடியும் போட்டுப் பார்த்து, "ஏறிக்கிட்டே இருக்கும்மா, நான் என்ன செய்யட்டும் சொல்லுங்க" என்றார். அம்பாரத்துக்குள் கையை விட்டால் சூடாக இருந்தது. அப்படியே விட்டால் முளை கட்டிவிடும், முளைத்த நெல்லை யாரும் எடுக்க மாட்டார்கள், அது ஆட்டுக்குத்தான். அம்சம் குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் நெல்லுக்குப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லீவு போட்டு வந்திருந்த மதிவதனி, "பெரியம்மாகிட்ட ஒரு வார்த்த கேக்கலாம்மா" என்றாள். அம்சம் வெடுக்கென்று திரும்பினாள். "பச்சப்புள்ள பால் குடிக்கிற வீடு அது. கேட்டா அந்த அக்கா மாட்டேன்னு சொல்லாது. அதுக்குத்தான் கேக்கக் கூடாதுங்கறேன்" என்றாள்.

லத்தீஃபாவின் வீடு களத்துக்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஜன்னல் வழியாக அம்சத்தின் குடை தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த லத்தீஃபாவுக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்குப் பாலைத் திருப்பிக் கொடுத்தவளின் நெல் கண்ணெதிரே அவிந்துகொண்டிருக்கிறது. களத்திலேயே கொண்டுபோய்ப் பரப்பினாலும், அவ்வளவு பெரிய அம்பாரத்தைக் காயவைக்கிற வில்லை இந்த வீட்டையும் விடாது. மகளை வேறு ஊருக்கு அனுப்பலாமென்றால் பிள்ளை பெற்று நாற்பது நாள் நிறையவில்லை, நாற்பதுக்குள் வாசல்படி தாண்டும் வழக்கம் இல்லை, அதுவும் இந்த ஈரக்காற்றில். கனமாக நறுக்கினால் வீட்டுக்கு எட்டாது, ஆனால் அம்பாரத்துக்கும் உறைக்காது, அதற்குள் நெல் முளைத்துவிடும். அவள் அறைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

முடிவெடுத்தது ஹஃப்ஸாதான். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "ஒக்காரும்மா, தல சுத்துது. மதிய வரச் சொல்லு" என்றாள். மதிவதனி வந்தாள், தயங்கித் தயங்கி நிலைப்படியிலேயே நின்றாள். மூன்று பேரும் முறத்தில் கிடந்த ஒரு பழைய சித்தரத்தைத் துண்டை நடுவில் வைத்துக்கொண்டு பேசினார்கள். மதிவதனி அதை ஒடித்து நாரை உரித்துக் காட்டினாள். நார் எல்லாம் கிழங்கின் நீளத்துக்கு ஓடியது. "நார் போற வழியிலதான் பெரியம்மா ஈரமும் போகும். வட்டமா நறுக்குனா அத்தன நாரும் வில்லை முழுக்க வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. நீளவாக்குல நறுக்குனா ரெண்டு முனையிலதான் வாய். அதனாலதான் நீளமா நறுக்குனது காய நாளாகுதுன்னு எங்க புத்தகத்துல இருக்கு." லத்தீஃபா அதைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். "அப்ப அது முனை பாக்குற பக்கம் மட்டுந்தான் இழுக்கும்" என்றாள். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மதிவதனி உடனே, "ஆமால்ல!" என்றாள்.

பரணிலிருந்து அருவாமணை இறங்கியது. ஒரே ஒரு கிழங்கைத் தோப்பிலிருந்து பிடுங்கி, நீளவாக்கில் ஒரு சீவல் எடுத்து, கூடத்துக் கொடியில் கிடந்த ஈரத் துப்பட்டாவுக்கு நேராக வைத்தார்கள். துப்பட்டாவின் நடுவில் கையகலத்துக்கு ஒரு பட்டை காய்ந்து படபடத்தது, இரண்டு பக்கமும் சொட்டிக்கொண்டே இருந்தது. ஹஃப்ஸா கைகொட்டிச் சிரித்தாள். சிரித்த பிறகுதான் சீவலுக்குப் பின்முனை என்று ஒன்று இருப்பது தெரிந்தது. பின்னால் சாய்வு நாற்காலியில் பாசித் வெற்றிலைச் சாறு முழுவதும் வற்றிப்போய், வாயில் சருகை வைத்துக்கொண்டு திகைத்து உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பின்முனை எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் பிறகு பெரிய பேச்சாக இருந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்த பாசித்தே வழி சொன்னார். களத்தின் தென்கிழக்கு ஓரத்தில் சீவல்களை வைத்து, முன்முனையை அம்பாரங்களுக்கும் பின்முனையைக் கடலுக்கும் காட்டினால் போகிறது. "கடல் தாங்கும்" என்றார். நடுவில் அறுத்துக் கிடந்த வயல்கள்தான், குறுக்கே ஒரு டீக்கடை. பாசித் போனில் திசைகாட்டியைப் பார்த்துக் கயிறு பிடித்தார், டீக்கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே அடுப்பை நாலடி தள்ளி வைத்தார். பிறகு பாசித் மண்வெட்டியோடு மழையில் இறங்கி, இன்னும் ஒரு வருஷம் மண்ணில் இருக்க வேண்டிய பாத்தியை அடியோடு பெயர்த்தார். ஹஃப்ஸா ஓர் ஏற்பாடு சொன்னாள்: பால் குறைகிற மாதிரி இருந்தால் ஜன்னலில் சிவப்புத் துப்பட்டாவைத் தொங்கவிடுவாள், பார்த்த உடனே எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். லத்தீஃபாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒன் பேத்திக்கு மொதல்ல உசிரக் குடுத்தது அம்சம் அத்தை. நீ போ, இங்க நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அம்சம் முதலில் சம்மதிக்கவில்லை. தன் அம்பாரத்துக்கு முன்னால் கையை அகல விரித்துக்கொண்டு நின்றாள். "வேணாங்க்கா, இந்த நெல்லு போனா போவுது. அடுத்த போகம் இருக்கு" என்றாள். லத்தீஃபா அவள் பக்கத்தில் சேற்றிலேயே அருவாமணையைப் போட்டு உட்கார்ந்து, "நவுரு, ஒன் நெழலு விழுது" என்றாள். மழை நாளில் எந்த நிழல் என்று அம்சம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முதல் சீவல் விழுந்தது.

ஒருத்தி நறுக்கி முடிகிற வேலை இல்லை அது. அப்சரின் மனைவி தன் அருவாமணையோடு வந்தாள். ஐயாவுவின் சம்சாரம் காய் நறுக்கும் கத்தியோடு வந்தார். அம்பாரம் போட்டிருந்த மற்ற குடும்பங்கள் வந்தன, மோதினார் வந்தார், கீழத்தெருப் பெண்கள் மொத்தமாக வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். எதிரும் புதிருமாக உட்கார்ந்து நறுக்கும்போது பேச்சு எங்கெங்கேயோ போனது, யாரோ ஒருத்தி நடவுப்பாட்டை எடுத்துவிட்டாள், கிழங்குக்கென்று தனிப்பாட்டு இல்லாததால். களம் முழுக்கச் சித்தரத்தை வாசனை ஏறி, வெகுநாளாக மூக்கடைப்பில் இருந்தவர்களுக்கெல்லாம் மூச்சு சுகமாக ஓடியது. கிழங்கை வட்டமாக நறுக்கிப் பழகிய கை லத்தீஃபாவுடையது. மறந்துபோய் இரண்டு தடவை குறுக்கே வெட்டப் போனாள், இரண்டு தடவையும் மதிவதனி மணிக்கட்டைப் பிடித்தாள்.

சீவல்களைப் பாயில் அடுக்கி, எல்லா முனையும் ஒரே பக்கம் பார்க்கும்படி பாசித் கயிறு பிடித்துச் சரிசெய்ததும், மழை களத்தின்மேல் பெய்வதை நிறுத்தியது. நிறுத்தியது என்பதும் சரியில்லை. வானத்திலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது, அம்பாரங்களுக்கு ஒரு முழம் மேலே வந்து காணாமல் போனது. களத்தில் ஒரு தேர் போகும் அகலத்துக்கு மண் வெளுத்துப் புழுதி கிளம்பியது, இரண்டு பக்கமும் சேறு அப்படியே பளபளத்தது. தார்ப்பாயை விலக்கியபோது நெல்லிலிருந்து ஆவி எழுந்தது. பெண்கள் காலால் நெல்லைக் கிளறிவிட்டார்கள். முதலில் சதசதவென்று இருந்தது, பிறகு சரசரத்தது. கடற்கரையிலிருந்து போன் வந்தது. வள்ளம் ஒன்று நிற்கும் இடத்தில் தண்ணீர் இல்லை, மாட்டுவண்டி அகலத்துக்குக் கடலுக்குள் ஒரு மணல் பாதை போகிறது, நண்டுகள் அதில் ஊர்வலம் போகின்றன, பிள்ளைகள் பின்னால் போகிறார்கள், என்ன சங்கதி என்று கேட்டார்கள். "நெல்லு காயுது" என்று பாசித் சொன்னார். அப்படியா என்று சொல்லி அவர்கள் வைத்துவிட்டார்கள்.

மத்தியானத்துக்குமேல் யாரோ ஜன்னலைக் காட்டிக் கத்தினார்கள். கம்பியில் ஒரு சிவப்புத் துணி தொங்கியது. பாட்டு நின்றது. லத்தீஃபா அருவாமணையைத் தள்ளிவிட்டு எழுந்து, சேற்றில் வழுக்கி, எழுந்து ஓடினாள். அம்சம் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு சீவல்களின்மேல் விழுந்தாள், நெல் எக்கேடும் கெடட்டும் என்று சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே. ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஹஃப்ஸா வெளியே எட்டிப்பார்த்து, கூட்டமே தன் ஜன்னலைப் பார்ப்பதைக் கண்டு வெட்கப்பட்டாள். "அய்யோ, அது புள்ள ஈரம் பண்ணுன துணிம்மா! காலையிலேருந்து காயவே மாட்டேங்குது, காத்து வாங்கட்டும்னு போட்டேன்" என்றாள். லத்தீஃபா அந்தத் துணியைக் கையில் பிடித்துப் பிழிந்து பார்த்தாள். சொட்டியது. நாலு பேர் பார்க்க அதை முகத்தில் ஒற்றிக்கொண்டாள். வீட்டுக்குள் ஈரம் முழுசாக இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. களத்தில் பாட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி கிளம்பியது.

தார்ப்பாயை விலக்கியதும் நெல் மறுபடி காயத் தொடங்கியது. நாகநாதன் மீட்டரோடு வந்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் நின்ற மதிவதனி அவரைவிடப் பதற்றமாக இருந்தாள். "ரொம்பவும் காய விடாதீங்க, அரிசி நொறுங்கிப் போகும்" என்று சொல்லிக்கொண்டே கைப்பிடி கைப்பிடியாக நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். நெல் நறுக்கென்று உடைந்த ஒரு நேரத்தில் கையைத் தூக்கினாள், பாயெல்லாம் சுருண்டன, மழை மறுபடி களத்தில் இறங்குவதற்குள் அம்பாரங்கள்மேல் தார்ப்பாய் ஏறியது. நாகநாதன் மீட்டரைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "எடுத்துக்கலாம்மா, சாக்கு பிடிங்க" என்றார்.

சீவல்களைச் சுருட்டிவிட்டாலும், ஓடிக்கொண்டிருந்த அந்தப் பட்டை உடனே அடங்கவில்லை. அடுப்பு அணைந்த பிறகும் சட்டி சுடுவதுபோல் இழுத்துக்கொண்டே இருந்தது. அம்சம் அதன் நடுவில் நின்றிருந்தாள். தன் பெயர் எழுதிய சாக்கில் தன் நெல் விழுவதைப் பார்த்தாள். உதடு நடுங்கியது, நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது, கண்ணைக் கசக்கினாள், ஒன்றும் வரவில்லை. அம்மாவை நினைத்தாள், அப்பாவை நினைத்தாள், அப்போதும் வரவில்லை. சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு புழுதியைத் தாண்டி, பட்டையின் ஓரத்துக்கு வந்து, மழை பெய்கிற பக்கத்தில் காலை எடுத்து வைத்தாள். அங்கே போய் நின்று அழுதாள். மழையைவிடச் சத்தமாக அழுதாள். லத்தீஃபாவும் பின்னாலேயே போய் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கும் வரை யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை, சாக்குகள் பாட்டுக்கு நிறைந்துகொண்டிருந்தன.

ஹாஃபிஸா இப்போது பால் மறந்து, பள்ளிக்கூடம் போகிறாள். மருந்துக்குப் போகும் கிழங்கை லத்தீஃபா இன்னும் நாணய கனத்தில் வட்டமாகத்தான் நறுக்குகிறாள், தஞ்சாவூர் வியாபாரி ஒடித்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்த முகமாக வாங்கிப்போகிறார். தை அறுப்பில் மழை எட்டிப்பார்த்தால் மட்டும் நீளவாக்கு. அதற்கென்று பாசித் தோப்பில் தனியாக ஒரு பாத்தி விட்டிருக்கிறார், டீக்கடைக்காரர் அடுப்பைத் தள்ளிய இடத்திலேயே நிரந்தரமாகக் கட்டிவிட்டார், கடற்கரைப் பிள்ளைகள் அந்த நாளுக்காக வாளியோடு காத்திருக்கிறார்கள். களத்தின் ஓரமாக, பட்டை எட்டாத இடத்தில், ஊரார் சேர்ந்து ஒரு சிமெண்டு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். நெல் தேறியவர்கள் ஒவ்வொருவராக அங்கே போய் உட்கார்ந்து, ஆசைதீர அழுது, மூக்கைச் சிந்திவிட்டு, திரும்பி வந்து சாக்கைத் தைக்கிறார்கள்.